லாமிஸ் கரையில் ஒரு சின்ன அங்கி

வலது கை ஊசியை இறக்கியது. இடது கை துணிக்கு அடியில் அதைத் தேடிப் பிடித்து மேலே தள்ளியது. மேலே நீலத் துணி, கீழே குங்குமப்பூ மஞ்சளில் உள்துணி, நடுவில் அடித்துப் பரப்பிய பஞ்சு. மூன்றையும் சேர்த்துப் பிடித்தபடி தையல் வரிவரியாக ஓடியது. ஒரு வரி முடிந்ததும் கட்டைவிரல் அதன்மேல் நகர்ந்து, பஞ்சு எங்காவது விலகியிருக்கிறதா என்று பார்த்தது. பஞ்சு விலகிய இடத்தில்தான் அம்பு இறங்கும். பாலத்துப் பக்கமிருந்து அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழக்கம் எழும்போது மட்டும் அந்தக் கைகள் நின்றன. முழக்கம் அடங்கி, எதிர்க்கரையில் கிறிஸ்தவ ரூமியர்கள் தங்கள் வேண்டுதலைக் கூவி முடித்ததும் மறுபடி ஊசி இறங்கியது.

கைகளுக்கு உரியவள் ரைத்தா. தர்சூஸ் நகரத்தில் கடல் வாசலுக்குப் பக்கத்தில் அவளுக்குக் கடை. எல்லைக்குப் போகும் குதிரைவீரர்களுக்குப் பஞ்சு அங்கி தைப்பவள். அவளுடைய தந்தை குராசானிலிருந்து வந்த வீரர். தாயும் அங்கி தைத்தவள்தான். ரைத்தாவுக்கு ஊசி பிடிக்கத் தெரிந்த பிறகுதான் சரியாகப் பேச வந்தது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பேச்சு அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் தாமதம்தான்.

கைதிகளை மாற்றிக்கொள்ளும் நாட்கள் அவை. லாமிஸ் ஆற்றின் மேல் இரண்டு பாலங்கள் போட்டிருந்தார்கள். ஒன்று நாங்கள் கட்டியது, மற்றது ரூமியர் கட்டியது. எங்கள் ஆள் ஒருவன் எங்கள் பாலத்தில் கால் வைக்கும்போது அவர்கள் ஆள் ஒருவன் அவர்கள் பாலத்தில் கால் வைப்பான். இரண்டு பேரும் நடு ஆற்றில் ஒருவரையொருவர் கடந்து போவார்கள். மீண்டு வருகிறவர்கள் கந்தலோடு வருவதால், அவர்களுக்கு உடை தைக்க தர்சூஸ் பெண்களை அழைத்து வந்து கரையில் கூடாரம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நானும் அந்தக் கூடாரத்தில் இருந்தேன். ரைத்தா தன் பங்குச் சட்டைகளை முடித்துக் கொடுத்துவிட்டு, இடையில் கிடைத்த நேரத்தில் அந்த நீல அங்கியைத் தைத்தாள். அது அவள் கணவன் ஹுபைஷுக்கு.

ஹுபைஷ் சேணம் செய்பவன். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கோடைப் படையெடுப்பில், மலைக்கணவாயில் பிடிபட்டான். அவன் அன்று போட்டிருந்ததும் இதே நீலம், இதே மஞ்சள். மஞ்சள் துணியை அந்தாக்கியாவில் அவனே தேடி வாங்கி வந்தான். கழுத்துப் பட்டையில் அது வெளியே தெரிகிற மாதிரி அவள் தைத்துக் கொடுத்தாள். எங்கள் தெருவே சிரித்தது. அந்த மஞ்சளை வேறு யாரும் போடவில்லை. அவன் படைக்குக் கிளம்பிய போது அவள் கருவுற்றிருப்பது அவளுக்கே தெரியாது. உமைமா பிறந்தாள், நடந்தாள், பேசினாள். தகப்பனுக்குச் செய்தி போகவில்லை. கடலோரத்தில் ஏதோ ஓர் உப்பளத்தில் அவன் உயிரோடு இருப்பதாக ஒரு வணிகன் சொன்னதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே தகவல்.

இவ்வளவு காத்திருந்தவள் கரைக்கு வந்த பின் மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் தலைநகரிலிருந்து ஓர் உத்தரவும் கூடவே வந்திருந்தது. கலீஃபாவின் அவையில் அப்போது முஃதஸிலாக்களின் பேச்சுதான் எடுபட்டது. இறைவனின் நீதியையும் ஒருமையையும் காப்பவர்கள் நாங்களே என்று சொல்லிக்கொண்ட கூட்டம் அது. மீட்கப்படும் ஒவ்வொரு கைதியிடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பது உத்தரவு. குர்ஆன் படைக்கப்பட்டதா? மறுமையில் இறைவனைக் கண்ணால் காண முடியுமா? படைக்கப்பட்டது, காண முடியாது என்று சொல்பவன் இரண்டு பொன் தீனாரோடு பாலம் ஏறலாம். சொல்ல மறுப்பவனை ரூமியரிடமே விட்டுவிட வேண்டும்.

கேள்வி கேட்பவர்களின் கூடாரம் எதிர்க்கரையில், பாலத்தின் வாயிலேயே இருந்தது. எங்கள் ஆட்களை நாங்களே வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதைப் பார்த்து ரூமியத் தளபதி மொழிபெயர்ப்பாளனிடம் இரண்டு தரம் விசாரித்தானாம், தான் புரிந்துகொண்டது சரிதானா என்று.

தர்சூஸ்காரர்களுக்கு இந்தக் கேள்வி கேட்கவே கூசும். இறைவனின் வாக்கு இறைவனுடையது, அதை மண்ணையும் மலையையும் போல உண்டாக்கப்பட்ட பொருள் என்று சொல்வதாவது என்பதுதான் எங்கள் பள்ளிவாசல்களில் நாங்கள் கேட்டு வளர்ந்தது. ஹுபைஷ் அதிலேயே ஊறியவன். ஒருமுறை தொழுகையில் இமாம் ஒரு வசனத்தை விட்டுவிட்டு ஓதினார். ஹுபைஷ் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தான். இமாமுக்குக் கோபம். நான் விடவில்லை என்று சாதித்தார். அன்றிலிருந்து ஹுபைஷ் வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளியை விட்டுவிட்டு, மழையானாலும் நகரத்தின் மறுகோடியில் இருந்த பள்ளிக்கு ஐந்து வேளையும் நடந்தான். பிடிபடும்வரை நடந்தான். அவன் அந்தக் கூடாரத்தில் என்ன சொல்வான் என்று ரைத்தாவுக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் ஊசி அடிக்கடி நின்றது.

முதல் நாள் பாலம் ஏறி வந்தவர்களில் எங்கள் தெரு ஸவ்தாவின் மகன் நுஅய்மும் ஒருவன். பாலத்தில் வருகிறான் என்றால் கூடாரத்தில் தலையாட்டிவிட்டான் என்று அர்த்தம். ஆற்றங்கரையில் நின்றிருந்த ஆட்கள், ரெண்டு தீனாருக்கு வேதத்தை வித்துட்டியா என்று அவன் காதுபடக் கேட்டார்கள். அவனுக்குச் சட்டை கொடுக்கும் முறை ரைத்தாவுடையது. அவன் ஸலாம் சொன்னான். அவள் பதில் சொல்லாமல் சட்டையை மட்டும் நீட்டினாள். ஸவ்தா அதைப் பார்த்தாள். அன்றே தன் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் கூடாரத்தை விட்டுப் பக்கத்துக் கூடாரத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் முற்பகலில், கேள்விக் கூடாரத்திலிருந்து ஓர் இளைஞன் கிழிந்த சட்டைக் கையோடு எங்களிடம் வந்தான். பெயர் யஸ்தாத். கேள்வி கேட்கும் பெரியவர்களுக்குத் துணையாக வந்தவன். நன்றாகப் படித்தவன், அடக்கமானவன்.

“பாலத்து ஆணி கிழிச்சிடுச்சும்மா. கொஞ்சம் தைச்சுக் குடுத்துடுவீங்களா?”

மற்றப் பெண்கள் தலை நிமிரவில்லை. ரைத்தா கை நீட்டி வாங்கினாள். தைத்துக்கொண்டே, ஒருவன் பதிலே சொல்லாமல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். தெரியாது என்று சொல்வதும் மறுப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், அப்படிச் சொன்ன இருவரும் திரும்பிப் போய்விட்டார்கள் என்றான். பிறகு, கேட்காமலே, தங்கள் தரப்பை விளக்கினான். தொடக்கம் இல்லாதவன் இறைவன் ஒருவனே. அவனுடைய வாக்குக்கும் தொடக்கம் இல்லையென்றால் தொடக்கமில்லாதவை இரண்டாகிவிடும். எதிர்க்கரையில் நிற்கும் ரூமியர்களும் வாக்கு ஆதியிலிருந்தே இருந்தது என்றுதான் ஆரம்பித்தார்கள், கடைசியில் ஒரு தீர்க்கதரிசியையே இறைவனாக்கிவிட்டார்கள் பாருங்கள் என்றான். கிணற்று விளிம்பில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிடுகிறவனின் பதற்றம் அவன் குரலில் இருந்தது. அவன் அதை உண்மையாகவே நம்பினான்.

ஒவ்வொரு அங்கியிலும் நெஞ்சுப் பக்கம் தைக்கும்போது ரைத்தா ஒரு வசனத்தை முணுமுணுப்பாள். அந்த வசனத்துக்கு வயது உண்டா என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனால் இரண்டாவது கேள்விக்கு அவன் வந்தபோது, காணப்படும் பொருளுக்கு ஓர் இடமும் எல்லையும் இருந்தாக வேண்டுமே என்று தொடங்கியபோது, அவள் ஊசியை நிறுத்தினாள்.

“எதிர்க்கரையில இருக்கிற என் புருஷனையே என் கண்ணுல காட்ட மாட்டேங்கிறீங்க. நீங்க வந்து மறுமையில எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாதுன்னு கேக்கறீங்களாக்கும்.”

அவள் தையலை முடித்தாள். நூலை அறுக்கும்போது, தனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும் என்றாள். சேணம் செய்கிற ஹுபைஷ் என்று ஒருவர் வருவார், இடது தோள் சற்று இறங்கியிருக்கும், அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று மட்டும் கேள்விக்கு முன்னால் சொல்ல வேண்டும். கட்டாயம் சொல்கிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்தான். அதில் பொய்யில்லை. அவள் அன்று காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு துண்டு ரொட்டியும் ஆலிவ் காயும் சாப்பிட்டாள்.

சாப்பிட்ட பிறகும் மனம் அடங்கவில்லை. உப்பளத்தில் ஹுபைஷோடு இருந்தவன் நுஅய்ம் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். அவனைக் கேட்டால் தெரியும். கேட்க வேண்டுமென்றால் ஸவ்தாவின் கூடாரத்துக்குப் போக வேண்டும். போவதும் பாதி வழியில் நின்று திரும்புவதுமாக இருந்தவளை ஸவ்தாவே பார்த்துவிட்டாள்.

“என்னடி, எம் புள்ளைக்குக் குடுக்க மறந்த ஸலாமைக் குடுக்க வந்தியா?”

“ஆமாக்கா,” என்றாள் ரைத்தா. “அதுக்குத்தான் முதல்ல வந்தேன்.”

ஸவ்தா ஒதுங்கி வழி விட்டாள். நுஅய்ம் உள்ளே குப்புறப் படுத்திருந்தான். எழுந்து உட்கார்ந்து அவளுடைய ஸலாமுக்குப் பதில் சொன்னான். ஹுபைஷ் நன்றாகத்தான் இருக்கிறார், முடி மட்டும் நரைத்துவிட்டது என்றான். நாளை மதியத்துக்குப் பிறகு வரும் கூட்டத்தில் அவர் இருப்பார். இந்தக் கேள்வி வரப்போகிறது என்று உப்பளத்திலேயே செய்தி வந்துவிட்டதாம். எல்லோரும் ஹுபைஷிடம்தான் போய் என்ன செய்வது என்று கேட்டார்களாம்.

“அவர் எங்களைத் தடுக்கல சித்தி. ‘புள்ளகுட்டி இருக்கிறவன்லாம் சொல்லிட்டுப் போங்கடா, மனசு மாறாம இருந்தாப் போதும், நாக்கை வளைக்க வச்சவன் அல்லாஹ்கிட்ட பதில் சொல்லிக்கட்டும்’னாரு. எனக்கு ரெண்டு பேரு இருக்காங்கள்ல, அதான் சொன்னேன்.”

“அவரு?”

“‘எனக்கு அங்க யாருடா? ரைத்தா ஊசியை வச்சுப் பொழைச்சுப்பா. எல்லாரும் ஆமான்னு சொல்லிட்டுப் போயிட்டா, இல்லைன்னு சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமப் போச்சுன்னு ஆயிடும். நான் நிக்கிறேன்’னாரு.”

ரைத்தா யஸ்தாத் கொடுத்த வாக்கைச் சொன்னாள். நுஅய்ம் தலையை ஆட்டினான். முதல் நாள் கூடாரத்தில் ஒருவனிடம், உன் தாய்க்குக் கண் போய்விட்டது, சீக்கிரம் சொல்லிவிட்டு வா என்றார்களாம். அந்தத் தாய் எப்போதோ இறந்து போனவள். நுஅய்மின் முறை வருமுன்பே செய்தி கைதிகள் எல்லோரிடமும் பரவிவிட்டது. கூடாரத்தில் சொல்லும் எதையும் நம்பாதீர்கள், மகன் என்பார்கள், மகள் என்பார்கள் என்று ஹுபைஷே எல்லோரையும் எச்சரித்திருக்கிறார். யஸ்தாத் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், அவன் வாயிலிருந்து மகள் என்ற சொல் வந்த உடனேயே அது பொய்யாகிவிடும்.

கரையிலிருந்து கத்திச் சொல்லவும் வழியில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு கிழவரை முதல் நாளே எங்கள் காவலர்கள் அடித்துத் துரத்தியிருந்தார்கள். கைதிகளுக்குப் பதில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று குற்றச்சாட்டு. அடிக்கு அஞ்சாமல் கத்தினாலும் ஆற்றிரைச்சலில் சொல் கரையேறாது. உமைமாவைக் கொண்டுவந்து நிறுத்தலாமென்றால், அவள் தர்சூஸில் சித்தி வீட்டில் இருந்தாள். குதிரையில் போனாலும் நாளை மதியத்துக்குள் போய்த் திரும்ப முடியாது.

அவள் எங்கள் கூடாரத்துக்குத் திரும்பி வந்து, நீல அங்கியை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட முடிந்திருந்த அங்கி. வலது முன்பக்கத் தையலில் ஊசி முனையை நுழைத்துப் பிரிக்கத் தொடங்கினாள். தலையில் அடிபட்டவள் மாதிரி ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். வேறு நீலமும் வேறு மஞ்சளும் இங்கே இல்லையே என்றாள்.

அவள் பிரித்த துணியில் தரையிலேயே கரிக்கோடு போட்டு வெட்டினாள். அளவெடுக்க எதிரில் ஆள் வேண்டியிருக்கவில்லை. தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று அவள் உள்ளங்கைக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலையிலும் குனிந்த தலை நிமிரவில்லை. ஒரே ஒரு முறை என்னிடம் பேசினாள்.

“நான் செய்யறது சரியா? அவர் நிக்கிறேன்னு முடிவு பண்ணிட்டாரு. நான் உக்கார்ந்து அதைப் பிரிச்சுக்கிட்டிருக்கேன்.”

ஹுபைஷ் நினைத்ததைத்தான் அவளும் நம்பினாள், நானும் நம்பினேன். தைத்து முடி என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் மதியத் தொழுகைக்குப் பின், துவைத்த சட்டைகள் காயும் கயிற்றில் இரண்டு அங்கிகள் தொங்கின. ஒன்று பெரியது, வலது முன்பக்கம் இல்லாதது. பக்கத்திலேயே அதே நீலத்தில் ஒரு சின்னது. இரண்டையும் மஞ்சள் வெளியே தெரிகிற மாதிரி உள்பக்கம் திருப்பி மாட்டியிருந்தாள். காவலன் ஒருவன் வந்து, யாருக்கும்மா இந்தக் கொடி, ரூமியனுக்கா என்று கேலி செய்தான். காய்கிறது என்றாள். அவன் போய்விட்டான்.

எதிர்க்கரையில் அத்திமரத்தடிக்குக் கைதிகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ரைத்தா ஒருவர் ஒருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கிய இடது தோளை நான்தான் முதலில் பார்த்தேன், ஆனால் சொல்லவில்லை. அவளும் பார்த்துவிட்டாள் என்பது அவள் என் கையைப் பிடித்த விதத்தில் தெரிந்தது.

அவன் ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான்.

மற்றவர்கள் எல்லோரும் எங்கள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்து வந்தவன்போல மலையைப் பார்த்தபடி இருந்தான். வரிசை நகர்ந்தது. ஒருவன் கூடாரத்துக்குள் போய்ப் பாலத்தில் வந்தான். இன்னொருவன் போய், பின்பக்கமாக ரூமியரிடம் திரும்பினான். ஹுபைஷுக்கு முன்னால் நான்கைந்து பேர்தான் மிச்சம். யார் பாலத்தில் வந்தாலும் எங்கள் பக்கம் தக்பீர் எழும், ஆனால் மூன்றாம் நாளில் அது மெலிந்து, பாதிப்பேர் வாயே திறக்காத சத்தமாகிவிட்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அவன் திரும்பவில்லை. கரையில் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம் அது.

ரைத்தா என் கையை விட்டுவிட்டு ஸவ்தாவிடம் ஓடினாள். அவள் காதில் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஸவ்தா பாலத்தைப் பார்த்தாள். பாலத்தில் யாருமில்லை. பிறகு மகனைப் பார்த்தாள், முக்காட்டை இறுக்கிக்கொண்டாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அல்லாஹு அக்பர் என்று குரல் கொடுத்தாள். நுஅய்ம் சேர்ந்துகொண்டான். எங்கள் கூடாரப் பெண்கள் ஊசியும் கையுமாக எழுந்து வந்து கூவினோம். என்ன ஏதென்று தெரியாமலே ஆண்களும் முழங்கினார்கள். முதல் நாள்கூட அந்தக் கரையில் அவ்வளவு பெரிய தக்பீர் எழுந்ததில்லை. காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இறைவன் பெரியவன் என்று சொல்பவர்களை எந்த உத்தரவைக் காட்டி அடிப்பது?

ஆளில்லாத பாலத்துக்குத் தக்பீர் சொன்னால் எவனாவது ஆற்றில் விழுந்திருக்க வேண்டும், இல்லை ஏதோ அதிசயம் நடந்திருக்க வேண்டும். அத்திமரத்தடியில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஹுபைஷ் திரும்பினான்.

முதலில் அவன் பாலத்தைத்தான் பார்த்தான். பிறகு கரையோரமாகப் பார்வை நகர்ந்து, காயும் சட்டைகளில் வந்து, மஞ்சளில் நின்றது. பெரிய மஞ்சளைப் பார்த்தான். சின்ன மஞ்சளைப் பார்த்தான். ரைத்தா கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, தன் கையைத் தரையிலிருந்து இடுப்பளவுக்கு உயர்த்தி, அங்கேயே வைத்திருந்தாள். அவன் எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு அவனைக் கூப்பிட்டார்கள். கூடாரத்துத் துணி விலகி மூடியது.

அந்த நேரம் முழுவதும் ரைத்தா கையை இறக்கவேயில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், காதில் விழவில்லை. முன்னால் போனவர்கள் சீக்கிரமே வெளியே வந்தார்கள், இவன் வரவில்லை. யஸ்தாத் மட்டும் ஒருமுறை வெளியே வந்து எங்கள் கரைப் பக்கம் பார்த்து, கயிற்றைப் பார்த்து, மறுபடி உள்ளே போனான். ரூமியர் பாலத்தின் எங்கள் பக்க முனையில் மாற்றுக் கைதியொருவன் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான்.

கடைசியில் அந்த ரூமியன் பாலத்தில் கால் வைத்தான். அவன் ஏறினால்தான் எங்களவன் ஒருவன் ஏறுகிறான் என்று பொருள். ரைத்தா எங்கள் பாலத்தைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நடு ஆற்றுக்குப் போய், பக்கத்துப் பாலத்தில் வருகிறவனுக்குத் தலையசைத்த பிறகுதான் கண்ணைத் திருப்பினாள்.

ஹுபைஷ் மெதுவாக நடந்து வந்தான். ஸவ்தா மறுபடி தக்பீர் சொன்னாள், நாங்கள் சொன்னோம். அவன் வாய் அசையவில்லை. கையில் தீனார் இல்லை, வாங்கவில்லை போலும். கரையில் இறங்கி நேராகக் கயிற்றருகே வந்து, அவளுக்கு எதிரே நின்றான். தாடி முழுவதும் நரைத்திருந்தது.

“சொல்லிட்டேன் ரைத்தா,” என்றான். “ரெண்டுக்கும் சொல்லிட்டேன்.”

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

“அங்க ஒருத்தன் மகள்னான். நான் அவன் சொன்னதுக்காகச் சொல்லல.”

“தெரியும்.”

அவன் சின்ன அங்கியின் கையைத் தொட்டான். “பேரு?”

“உமைமா. உங்கம்மா பேருதான். அஞ்சு முடிஞ்சுடுச்சு.”

பெரிய அங்கியை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. ரைத்தா கயிற்றிலிருந்து சின்னதை எடுத்தாள். நீலம் வெளியே வருகிற மாதிரி திருப்பினாள். கட்டைவிரலை நெஞ்சுப் பக்கத் தையலில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். பஞ்சு எங்கும் விலகவில்லை. தொங்கிய நூலை அறுத்துவிட்டு, அவன் நீட்டிய இரண்டு கைகளிலும் வைத்தாள்.